அப்பாவின் மூக்கைத் தொலைத்துவிட்டேனா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 27. மூக்குத் தண்டில் இருந்த மேட்டை அறுவை சிகிச்சையில் சீவி எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார் டாக்டர். எனக்கோ நுனி உருண்டையாக, யாருடைய மூக்கோ போலத் தெரிகிறது. சின்ன வயதிலிருந்து "அப்படியே அப்பா மூக்கு" என்பார்கள். இப்போது அம்மா என் முகத்தை நேராகப் பார்ப்பதே இல்லை. ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்றால் நகர முடியவில்லை. உடனே இன்னொரு சர்ஜரி செய்துகொள்ளலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போது வேண்டவே வேண்டாம். நீங்கள் பார்ப்பதில் வீக்கம் நிறைய இருக்கிறது. கண்ணைச் சுற்றிய கன்றல் இரண்டு வாரத்தில் மறையும். நுனி வீக்கம் முழுதாக வடிய ஓராண்டு ஆகும், தோல் தடித்திருந்தால் அதற்கும் மேலே. உள்தழும்பு இளகும் முன் மறுபடி கத்தி வைத்தால் வடிவம் இன்னும் கெடும். அதனால்தான் மறுசிகிச்சைக்குப் பொதுவாக 12 மாதமாவது பொறுக்கச் சொல்கிறார்கள்.

முதல் இரண்டு வாரத்தில் அழுகை வந்தால், மயக்க மருந்தும் வலியும் மூக்கடைப்பால் கெட்ட தூக்கமுமே அதற்குக் காரணமாக இருக்கலாம். ஐந்தாம் வாரத்திலும் அழுகிறீர்கள் என்றால், அதில் ஒரு பங்கு துக்கம். அப்பாவின் சாயல் போனது இழப்புதான். இதை அறுவைக்கு முன்பே டாக்டர் உங்களிடம் பேசியிருக்க வேண்டும். அம்மாவிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காமல், "பழைய முகம் எனக்கும் ஞாபகம் வருதும்மா" என்று சொல்லிப் பாருங்கள்.

என் கவலை அந்தக் கண்ணாடிதான். கண்ணாடி, செல்ஃபி, விரலால் தடவுவது, பிறரிடம் கேட்பது, மூக்கையே நினைத்துக்கொண்டிருப்பது எல்லாம் சேர்த்து நாளுக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், முக்கியமாக அறுவைக்கு முன்பும் இப்படியே இருந்திருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். 'பாடி டிஸ்மார்ஃபிக் டிசார்டர்' எனப்படும் உருவக்குறை நோயாக இருக்கலாம். அது, ஒரே எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) உறவு. கத்தியால் பெரும்பாலும் தீராது. கவலை மூக்கை விட்டுத் தாடையைப் பிடித்துக்கொள்ளும். எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த மாத்திரைகளும் பலன் தரும். மாத்திரை வேலை செய்வது தெரிய 12 வாரம்கூட ஆகலாம்.

அதுவரை, காலையும் மாலையும் இரண்டு நிமிடம், கை நீளத் தூரத்தில், முழு முகத்தையும் பாருங்கள். செல்ஃபி வேண்டாம். முப்பது சென்டிமீட்டரில் எடுக்கும் படம் எந்த மூக்கையும் அகலமாகத்தான் காட்டும். மாதம் ஒரு படம், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, ஒரே வெளிச்சத்தில் வேறொருவர் எடுக்கட்டும்.

மூச்சடைப்போ காய்ச்சலோ சீழோ இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால், அந்த நிமிடமே அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.