பி.எஸ்சி. நர்சிங்கில் அரியர், இப்போது ஓ.இ.டி. ரைட்டிங்கிலும் தோல்வி. இனியும் முயற்சி செய்யலாமா?

கேட்டவரின் நிலைமை இதுதான்: முதல் வருடத்தில் அரியர் விழுந்து, கூடப் படித்தவர்களுக்குப் பின்னால் படிப்பை முடித்தவர். இப்போது தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐ.சி.யூ. வேலை. இங்கிலாந்து போக எழுதிய, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் தேவையான மதிப்பெண் வந்துவிட்டது, ரைட்டிங் மட்டும் வரவில்லை. "எனக்கு நர்சிங்கே சரிப்பட்டு வராதோ?" என்று கேட்கிறார்.

வராமல் என்ன? ஐ.சி.யூ.வில் நைட் டியூட்டி பார்க்கிற ஒருவர் நர்ஸா இல்லையா என்பதை, ரைட்டிங்கில் எழுதச் சொல்லும் ஒரு கடிதம் முடிவு செய்துவிட முடியாது. நானும் அரியர் வைத்தவள்தான். ரைட்டிங்கில் தோற்றேன், இங்கிலாந்து வந்து இறங்கிய பிறகு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்விலும் முதல் தடவை தேறவில்லை. இப்போது இங்கே வார்டில் பேண்ட் 5 நர்ஸாக, அதாவது பதிவு பெற்ற நர்ஸின் சம்பள நிலையில் இருக்கிறேன். மூன்று இடத்திலும் நான் தோற்றதற்குக் காரணம் வேறு வேறு. ஆனால் சுற்றியிருந்தவர்கள் மூன்றுக்கும் ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்: "இன்னும் கொஞ்சம் நல்லாப் படி."

அரியர் கதை சுருக்கமானது. பிளஸ் டூவில் 35 எடுத்தால் பாஸ். நர்சிங்கில் 50 சதவீதம் வேண்டும், அதுவும் தியரிக்குத் தனி, ப்ராக்டிகலுக்குத் தனி. எங்கள் சிலபஸில் அனாடமியும் பிசியாலஜியும் சேர்ந்து ஒரே பேப்பர். தமிழ் மீடியத்திலிருந்து போன எனக்கு விடை தெரியும், இங்கிலீஷில் வாக்கியம் வராது. பாரா பாராவாக மனப்பாடம் செய்தால் ஹாலில் ஒரு வரி மறந்ததும் மிச்சமும் சேர்ந்து போய்விடும். ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்காதான் சொன்னார்: "முதல்ல படத்தைப் போடு, பாகத்தைக் குறி, அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்துச் சின்னச் சின்ன வரியா எழுது." சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரானின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற அளவுக்குப் பழகினேன். சப்ளிமெண்டரியில் அந்தப் பேப்பரைப் பாஸ் செய்துவிட்டேன்.

ரைட்டிங்கைப் பற்றித்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். மொத்தம் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் கேஸ் நோட்ஸை, அதாவது நோயாளியைப் பற்றிய குறிப்புகளைப் படிக்க மட்டும், மீதி 40 நிமிடத்தில் 180 முதல் 200 வார்த்தைக்குள் ஒரு கடிதம். நம் ஊரில் ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவரில் எல்லாவற்றையும் ஒப்பித்துப் பழகியிருக்கிறோம். ஒன்றை விட்டால் இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவார். அந்தப் பழக்கம் இந்தக் கடிதத்தில் நம்மைக் கவிழ்த்துவிடும். கடிதத்தைப் படிக்கப் போகிறவருக்குத் தேவையில்லாததை விடத் தெரிகிறதா என்பதற்கும் ஓ.இ.டி.யில் மதிப்பெண் வைத்திருக்கிறார்கள்.

உதாரணமாக, இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு பாட்டி வீட்டுக்குப் போகிறார். கடிதம், வீட்டுக்கு வந்து பார்க்கும் கம்யூனிட்டி நர்ஸுக்கு. அவருக்கு வேண்டியது: தையல் கிளிப்பை எப்போது எடுக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி எத்தனை நாள், புண் எப்படி இருக்கிறது, வீட்டில் துணைக்கு யார். இளவயதில் அப்பெண்டிக்ஸ் எடுத்தது, பாட்டியின் பூனை, எல்லாம் நோட்ஸில் இருக்கும், அவருக்கு எதற்கு? எந்த உதவி கேட்டு எழுதுகிறோம் என்பது முதல் பாராவிலேயே வந்துவிட வேண்டும்.

எனக்கு உதவிய பயிற்சி இது: ஒரே கேஸ் நோட்ஸை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கு எழுதுங்கள். முதலில் கம்யூனிட்டி நர்ஸுக்கு, மறுநாள் அதே பாட்டிக்காக பிசியோதெரபிஸ்டுக்கு. இரண்டாவது கடிதத்தில் ஊசி பின்னால் போய்விடும், வீட்டு மாடிப்படி முன்னால் வந்துவிடும். இரண்டு கடிதமும் ஒரே மாதிரி இருந்தால் இன்னும் தேர்ந்தெடுக்கப் பழகவில்லை என்று அர்த்தம். நூறு மாதிரிக் கடிதங்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் கோச்சிங் சென்டர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. இங்கிலாந்தில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி. கேட்பது மற்ற மூன்றிலும் 350, ரைட்டிங்கில் 300. பன்னிரண்டு மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டலாம். இரண்டு முறையும் நான்கு பகுதியையும் எழுதியிருக்க வேண்டும், எந்தப் பகுதியும் ரொம்பக் கீழே போகக் கூடாது. ஆகவே முதல் தேர்வின் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

படிப்போடு சம்பந்தமே இல்லாத ஒரு தாமதத்தையும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் நிறையப் பேர் இதில் மாட்டுகிறார்கள்: இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, நர்சிங் கவுன்சில் பதிவில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நமக்கு மூன்றும் ஒரே ஆள். வெளிநாட்டில் ஃபைல் பார்ப்பவருக்கு மூன்று பேர். நோட்டரி அஃபிடவிட்டில் தொடங்கி அலைந்ததில் மாதக்கணக்கில் போனது எனக்கு. நீங்கள் ரைட்டிங்குக்குப் படிக்கும்போதே இதைச் சரிபார்த்துவிடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மருத்துவமனை வாங்கி வைத்திருந்தால் அதையும் இப்போதே கேட்க ஆரம்பியுங்கள்.

அப்புறம் ஆஸ்கி. பத்து ஸ்டேஷன், எல்லாமே செய்முறை. இங்கே வந்து வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் தடவை எழுத வேண்டும், 8 மாதத்துக்குள் என்.எம்.சி. பதிவு கையில் இருக்க வேண்டும், விசா அதை வைத்துத்தான். அதுவரை பெரும்பாலும் பேண்ட் 4 சம்பளம். ஊரில் மருந்து கொடுக்கும்போது சார்ட்டைப் பார்ப்போம், கைப்பட்டையைப் பார்ப்போம், கொடுப்போம். வாய் திறக்க மாட்டோம். இங்கே நோயாளியின் பெயர், பிறந்த தேதி, அலர்ஜி எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்டு, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். மனசுக்குள் சரிபார்த்தது எக்ஸாமினர் காதில் விழாது, மார்க்கும் விழாது. மருந்து ஸ்டேஷனில் நான் தோற்றது அப்படித்தான். ஆறுதலான விஷயம், ஏழு ஸ்டேஷன் வரை தோற்றிருந்தால் தோற்றதை மட்டும் மறுபடி செய்தால் போதும்.

என்னோடு தங்கியிருந்த மலையாளி சிஸ்டர் ஒருவர் தினமும் டியூட்டி முடிந்து வந்து கட்டிலில் நோயாளியாகப் படுத்துக்கொள்வார். எந்த மருந்தை எடுத்தாலும் கடைசி நொடியில் "பெனிசிலின் அலர்ஜி" என்பார். நான் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும், அதுதான் பந்தயம். தோற்றால் அன்றைக்குச் சமையல் என் தலையில். அந்த வாரங்களில் நிறையச் சமைத்தேன்.

விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வட்டிக்கு வாங்கித் தேர்வுக் கட்டணம் கட்டுவதாக இருந்தால் நிறுத்துங்கள், பணம் சேர்த்துக்கொண்டு எழுதலாம். இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி உங்களிடம் பணம் வாங்கக் கூடாது என்பது இந்நாட்டு அரசின் நடத்தை விதி. எவராவது லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இப்போது இங்கே வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதும் முன்புபோல் இல்லை, அதையும் கணக்கில் வையுங்கள். துபாயில் நர்ஸாக வேலை பார்க்க எழுதும் டி.எச்.ஏ. தேர்வு கணினியில் விடையைத் தேர்ந்தெடுப்பது, கடிதம் கிடையாது. தமிழ்நாட்டிலேயே, அரசு மருத்துவமனைகளுக்கு நர்ஸ்களை எடுக்கும் எம்.ஆர்.பி. இருக்கிறது. கையில் இருக்கும் ஐ.சி.யூ. வேலையை மட்டும் படிப்பதற்காக விட்டுவிடாதீர்கள். அனுபவத்தில் இடைவெளி விழுந்தால் அடுத்த இன்டர்வியூவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ரைட்டிங்கில் எத்தனை வந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. 280, 290 என்றால் புதிதாகக் கோச்சிங் சேர வேண்டாம், அந்த இரண்டு கடிதப் பயிற்சியைச் செய்து, யாராவது நன்றாக எழுதுபவரிடம் திருத்தி வாங்குங்கள். 220 பக்கம் என்றால் இலக்கணத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்குச் சில மாதம் ஒதுக்குங்கள், அடுத்த மாதத் தேதிக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள்.