ஏரிக்கரையைக் கவுன்சில் மூடினால் ஊர்க்காரர்கள் என்ன செய்ய முடியும்?

"இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரில், எல்லோரும் காலங்காலமாகப் போய்வரும் ஏரிக்கரைக்குக் கவுன்சில் வேலி போடப்போகிறது. நாங்கள் எதிர்த்து ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் மனுவில் கையெழுத்து வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் மூடுகிறீர்கள் என்று கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் ஊரிலும் இதே பிரச்சினை வந்தது. பழைய கல்குவாரியில் தண்ணீர் தேங்கி உண்டான ஏரி, அதைச் சுற்றிப் பிர்ச் மரங்கள், மேலே ஏறினால் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். வழியை அடைக்கப் போவதாக அறிவிப்பு வந்ததும் ஒரு குழு சேர்ந்தது. அதில் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்ததால் சட்டங்களையும் தீர்ப்புகளையும் உட்கார்ந்து படிக்க நேர்ந்தது. நான் சொல்வது இங்கிலாந்துச் சட்டம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் நடமாடும் உரிமையை மிகப் பரவலாகக் கொடுத்திருக்கிறது, அது வேறு கதை.

சட்டப் பிரிவைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம், ஒவ்வொரு அதிகாரத்துக்கும் ஒரு கெடு இருக்கிறது. பார்வைக்கு எல்லா வேலியும் ஒன்றுதான். கெடு முடிந்த பிறகு ஆயிரம் பேர் ஊர்வலம் போனாலும் நீதிமன்றக் கதவு திறக்காது.

இப்போது கவுன்சில்கள் அதிகம் எடுப்பது 2014ஆம் ஆண்டுச் சமூகவிரோத நடத்தைச் சட்டத்தின் கீழ் வரும் பொது இடப் பாதுகாப்பு உத்தரவு, அதாவது பப்ளிக் ஸ்பேசஸ் ப்ரொடெக்‌ஷன் ஆர்டர். நீந்தாதே, தீ மூட்டாதே, இத்தனை மணிக்கு மேல் உள்ளே வராதே என்றெல்லாம் அதில் போடலாம், மீறினால் அபராதம். ஆனால் கவுன்சில் நினைத்தபடி போட்டுவிட முடியாது. அங்கே நடப்பது சுற்றுவட்டார மக்களின் வாழ்க்கையைக் கெடுக்கிறது, அது தொடர்ந்து நடக்கிறது, நியாயமற்றது, இந்தக் கட்டுப்பாடு போடுமளவுக்கு மோசமானது என்று காட்ட வேண்டும். போலீஸையும் ஊர்ப் பிரதிநிதிகளையும் கலந்துகொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று வருடம்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பொது வழியையே அடைப்பதென்றால், வசதியான மாற்று வழி இருக்கிறதா என்பதையும் யோசித்தாக வேண்டும். உத்தரவு வந்த ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். எதிர்க்கும் உரிமை அங்கே குடியிருப்பவருக்கு மட்டுமல்ல, வழக்கமாக வந்து போகிறவருக்கும் உண்டு.

சாலையையோ பாதையையோ போக்குவரத்து உத்தரவு மூலம் மூடுவதானால் அதற்கு 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம். நிரந்தர உத்தரவென்றால் முதலில் அறிவிப்பு, ஆட்சேபத்துக்கு 21 நாள். தற்காலிக உத்தரவென்றால் நடைபாதைக்கு ஆறு மாதம்தான், நீட்டிக்க அமைச்சரின் அனுமதி வேண்டும். கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மஞ்சள் தாளை யாரும் நின்று படிப்பதில்லை. எங்கள் ஊரில் ஒரு பக்கத்துப் பாதைக்குப் போட்ட தற்காலிக உத்தரவு காலாவதியான பிறகும் தடுப்பு அப்படியே நின்றது. உத்தரவின் தேதியைக் காட்டி ஒரு கடிதம் போட்டதும் அதை எடுத்துவிட்டார்கள்.

இவை எதுவும் இல்லாமல், நில உரிமையாளர் என்ற ஹோதாவில் மட்டும் கவுன்சில் வேலி போடுவதும் உண்டு. அப்போதுதான் நீங்கள் பழைய காகிதங்களைத் தேட வேண்டும். கவுண்டி கவுன்சில் வைத்திருக்கும் அதிகாரபூர்வ வழி வரைபடத்தில் உங்கள் பாதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்த உரிமையைக் காப்பது நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கடமை என்று 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130ஆம் பிரிவே சொல்கிறது. இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். பொதுமக்கள் இருபது வருடம் தடையில்லாமல் உரிமையோடு நடந்த தடம் பொது வழியாகக் கருதப்படும் என்பது அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு. பூட்டை உடைத்தோ ஒளிந்தோ அனுமதி கேட்டோ நடந்திருக்கக் கூடாது. இடையில் உரிமையாளர் அறிவிப்புப் பலகை வைத்தோ, கவுன்சிலில் மனு பதிந்தோ மறுத்திருக்கவும் கூடாது.

இந்தச் சாட்சியம் சேர்க்கும் வேலைதான் எங்கள் போராட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரே ஆள் இருபது வருடம் நடந்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் எட்டு வருடம், இன்னொருவர் பதினைந்து வருடம் என்று எல்லோருடைய நடையும் சேர்ந்து அந்தக் காலத்தை நிரப்பினால் போதும். அதனால் நேற்று வந்தவர்கள் என்று நாம் நம்மையே ஒதுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி ஆல்பம் ஆல்பமாக எடுத்துப் போட்டார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அதே கரையில் நிற்கும் படம், பின்பக்கம் பென்சிலில் வருடம். இன்னொருவர் திருமணத்தன்று அங்கே எடுத்த படத்தைக் கொண்டுவந்தார். நாயோடு நடப்பவர்கள், பறவை பார்ப்பவர்கள், பள்ளி ஓட்டப் பயிற்சிக்குப் போன பழைய மாணவர்கள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது. படிவம் நிரப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். மரியாதைக்காக "பெரிய மனது பண்ணி நடக்க விட்டார்கள்" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் யாரும் அனுமதி கொடுத்திருக்க மாட்டார்கள், இவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரியே எதிராகப் போய்விடும். இப்படி எழுதுங்கள் என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. யாரிடமாவது கேட்டீர்களா, யாராவது தடுத்தார்களா என்று தெளிவாகக் கேட்டு, நடந்ததை நடந்தபடி எழுத வைத்தால் போதும்.

பாதை மட்டுமல்ல, கரை முழுவதும் எங்களுக்கு வேண்டும் என்றால், வில்லேஜ் கிரீன், அதாவது ஊர்ப் பொதுத் திடல், என்று பதிவு செய்யும் வழி 2006ஆம் ஆண்டுப் பொதுநிலச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கும் இருபது வருடப் பயன்பாடு வேண்டும், தடுக்கப்பட்ட ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிலம் கவுன்சிலுடையதாக இருந்தால் இதில் பெரிய முட்டுக்கட்டை ஒன்று உண்டு. மக்கள் பொழுதுபோக்குக்கென்றே சட்டப்படி ஒதுக்கிய இடத்தில் மக்கள் நடப்பது ஏற்கெனவே உள்ள உரிமையின்படி நடப்பதுதான், ஆகவே அதைக் காட்டிப் புதிய உரிமை கோர முடியாது என்று 2014இல் பார்காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைக் கேட்டுப் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. அப்படி ஒதுக்கிய நிலமென்றால், உங்களை வெளியே தள்ளக் கவுன்சிலுக்கு என்ன அதிகாரம் என்று கேட்கலாமே! 1906ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டத்தின் கீழோ 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழோ வாங்கிய நிலத்தைக் கவுன்சில் மக்களுக்காகத்தான் வைத்திருக்கிறது. ஷ்ரூஸ்பரியில் அப்படிப்பட்ட நிலத்தை முறைப்படி பத்திரிகையில் அறிவிக்காமல் விற்றுவிட்டார்கள். விற்றாலும் மக்களின் உரிமை போகாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அங்கே வீடு கட்டக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தது. அந்த வழக்கை நடத்தியவர் அதே ஊரில் குடியிருந்த ஒருவர். எனவே உங்கள் ஏரிக்கரை எந்த வருடம், எந்தச் சட்டத்தின் கீழ் கவுன்சில் கைக்கு வந்தது என்று கட்டாயம் தோண்டிப் பாருங்கள்.

அடுத்தது, கூட்டத்தில் எழுந்து கேட்டால் கட்டாயம் வரும் பதில்: "யாராவது விழுந்து செத்தால் யார் பொறுப்பு? இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது." இதற்கான பதில் பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே இருக்கிறது. செஷையரில் பிரெரடன் ஹீத் என்ற பூங்கா, பழைய மணல் குவாரியில் உருவான ஏரி, கரையெல்லாம் மணல். 1995 மே மாதம் ஜான் டாம்லின்சன் என்ற 18 வயது இளைஞர் ஆழமில்லாத இடத்தில் தலைகீழாகக் குதித்துக் கழுத்தெலும்பு முறிந்து முடங்கிப்போனார். நீந்தக் கூடாதென்ற பலகை இருந்தது. மணல் கரையில் மண்ணைக் கொட்டிச் செடி நட்டு யாரும் வராமல் செய்யக் கவுன்சில் முன்பே தீர்மானித்திருந்தது, பணம் இல்லாமல் தள்ளிப்போயிருந்தது. அதை முன்பே செய்திருக்க வேண்டாமா என்பதுதான் வழக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2003இல், அப்போது மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றியது. கண்ணுக்குத் தெரியும் ஆபத்தில் தாமாகக் குதிப்பவரைத் தடுக்கும் சட்டக் கடமை கவுன்சிலுக்கு இல்லை, அந்தச் சிலருக்காக மணலில் குழந்தைகளோடு விளையாடும் பெற்றோரைத் துரத்துவது அநியாயம் என்று ஹாஃப்மன் பிரபு விளக்கமாக எழுதினார். எங்கள் கடிதங்களிலேயே அதிகம் வேலை செய்தது இந்தத் தீர்ப்பைப் பற்றிய பத்திதான். பொறுப்பு வந்து விழும் என்ற பயத்தால் மூடுகிறவர்களுக்கு, அந்தப் பயம் சட்டத்தில் எவ்வளவு சிறியது என்று காட்டுகிறது அது.

ஆனால் எல்லா ஆபத்தும் வெறும் சாக்கு என்று பேசிவிடாதீர்கள். குவாரித் தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அந்தக் குளிர் அதிர்ச்சியே மூழ்கடிக்கும். பக்ஸ்டன் அருகே ஹார்ப்பர் ஹில்லில் நீலமாக ஜொலிக்கும் ஒரு குவாரிக் குளம் இருந்தது. அதன் கார அளவு (pH) 11.3, கிட்டத்தட்ட ப்ளீச் மாதிரி. பலகை வைத்தும் ஜனங்கள் குழந்தைகளோடு இறங்கியதால் 2013இல் கவுன்சில் அதில் கறுப்புச் சாயம் கலந்தது. அவர்கள் செய்தது சரி என்றுதான் நான் சொல்வேன். உங்கள் ஏரியில் யாராவது இறந்திருந்தால், எந்தத் துண்டறிக்கையும் அச்சடிக்கும் முன் அந்தக் குடும்பத்தைப் போய்ப் பாருங்கள்.

மூடச் சொன்னது யார் என்றும் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது அதிகாரி இல்லை. வாசலை ஒட்டிக் குடியிருப்பவர்கள்தான். வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டை விட்டுக் காரை வெளியே எடுக்க முடியாது, ஆம்புலன்ஸ் வர முடியாது, மறுநாள் காலை புல்லில் கரிந்த பார்பிக்யூ தட்டும் உடைந்த பாட்டிலும் கிடக்கும். அவர்களும் ஊர்க்காரர்கள். எங்கள் குழு அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிய பிறகே பேச்சு திசை மாறியது. அவர்களுக்கு ஏரி மேல் கோபம் இல்லை, கார்கள் மேல்தான். கடைசியில் இரவில் கார் பார்க்குக்கு மட்டும் தடுப்பு, சாலையோரத்தில் நிறுத்தத் தடை, தீ மூட்டத் தடை, நடைவழி எப்போதும் திறந்திருக்கும் என்று ஒரு யோசனையை அவர்களோடு சேர்ந்தே எழுதினோம். கவுன்சில் அதன் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. பகலில் கார் பார்க்கை மூடக் கூடாது என்பதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு கார் பார்க்கை மூடுவதும் ஏரியை மூடுவதும் ஒன்றுதான். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவின்படி கவுன்சில் இதை முடிவெடுக்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது என் மனதுக்கு நெருக்கமானது. இப்படிப்பட்ட போராட்டங்களில் "வெளியாட்கள்தான் கெடுக்கிறார்கள், ஊர்க்காரர்களுக்கு மட்டும் விடுங்கள்" என்ற பேச்சு சீக்கிரம் வந்துவிடும். பக்கத்து நகரத்து அடுக்கு வீட்டிலிருந்து பிள்ளைகளோடு, பாத்திரத்தில் சோறு கட்டிக்கொண்டு வரும் குடும்பங்களைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. முதலில் நாங்களும் அப்படித்தான் அந்த ஏரிக்கு வந்தோம். அந்தச் சொல் எங்கள் துண்டறிக்கையில் வரக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன், குழுவும் ஒத்துக்கொண்டது. 1932 ஏப்ரல் 24 அன்று டார்பிஷையரில் உள்ள கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி ஏறியவர்களும் நகரத்துத் தொழிலாளர்கள்தான், மலையடிவாரத்துக்காரர்கள் அல்ல. அவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். எழுபது வருடம் கழித்து 2002இல் அந்த நிலத்தை வைத்திருந்த பிரபுவின் பேரன், டெவன்ஷையர் டியூக், பொதுவில் மன்னிப்புக் கேட்டார். மலையிலும் மேட்டுநிலத்திலும் நாம் இன்று சுதந்திரமாக நடக்க உதவும் 2000ஆம் ஆண்டுக் கிராமப்புற, வழி உரிமைகள் சட்டத்துக்கு அந்த நகரத்துக்காரர்களின் நடையும் ஒரு வேர்.

நடைமுறைக்கு வருகிறேன். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள், 20 வேலைநாளில் பதில் தர வேண்டும். விபத்துப் பதிவு, வந்த புகார்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு நடந்த கடிதப் போக்குவரத்து, பரிசீலித்த மாற்று வழிகள், சமத்துவ ஆய்வு, நிலப் பத்திர விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து ஆறு வாரக் கெடுவைத் தவறவிடாதீர்கள். மக்கள் கருத்துக் கேட்பு நடந்ததாகச் சொன்னால், முடிவு கனியும் முன்பே கேட்டார்களா, போதிய விவரமும் நேரமும் கொடுத்தார்களா, வந்த பதிலை மனதார யோசித்தார்களா என்று பாருங்கள். 1985இல் கன்னிங் வழக்கில் வகுத்த அளவுகோல் இது, நீதிமன்றங்கள் இன்றும் இதைத்தான் எடுக்கின்றன. திறந்தவெளிகளைக் காக்க 1865இல் தொடங்கிய ஓப்பன் ஸ்பேசஸ் சொசைட்டிக்கும், நடப்பவர்களுக்கான ராம்ப்ளர்ஸ் அமைப்புக்கும் எழுதுங்கள். வழக்கு என்றால் தோற்றவர் ஜெயித்தவரின் செலவையும் கட்ட வேண்டும். ஆனால் சுற்றுச்சூழல் சார்ந்த வழக்குகளில் தனிநபருக்கு அது பொதுவாக 5,000 பவுண்டுக்கு மேல் போகாது. அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள், நான் வழக்கறிஞர் இல்லை.

இன்றே போய் அந்த நோட்டீஸை, தேதியும் சட்டப் பெயரும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். அதில் எந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதினால், எத்தனை நாள் மீதமிருக்கிறது, முதல் கடிதத்தை யாருக்கு எப்படி எழுதலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.