ஊர் வீட்டில் கரண்ட் போனால் சென்னையில் இருந்தபடி எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்மார்ட் பிளக் (வைஃபையில் இணைந்து, போன் ஆப்பில் தன் நிலையைக் காட்டும் பிளக்) மட்டும் போதாது. கரண்ட் போனாலும் ஆஃப்லைன், நெட் போனாலும் ஆஃப்லைன் என்றுதான் காட்டும். ரௌட்டரையும் ஒரு கேமராவையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். பிளக்கை இன்வெர்ட்டர் வராத பாயின்ட்டில் மாட்டுங்கள். கேமரா ஓடி, பிளக் மட்டும் ஆஃப்லைன் என்றால் போனது கரண்ட்தான்.

நெட்டே இல்லாத வீடா? சிம் போடும் ஜிஎஸ்எம் அலாரம் சரியாக இருக்கும். உள்ளே பேட்டரி இருப்பதால் கரண்ட் போனதும் எஸ்எம்எஸ் அனுப்பும். சிம்முக்கு ரீசார்ஜ் மறந்தால் அதுவும் ஊமைதான்.

த்ரீ ஃபேஸ் வீட்டில் ஒரு ஃபேஸ் மட்டும் போவது சகஜம். ஹாலில் விளக்கு எரியும், ஃப்ரிட்ஜில் மீன் நாறிக்கொண்டிருக்கும். அதனால் பிளக்கையோ அலாரத்தையோ ஃப்ரிட்ஜ் இருக்கிற ஃபேஸிலேயே மாட்டுங்கள்.

செய்தி வந்ததும் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன். அங்கே கரண்ட் இருந்தால் உங்கள் வீட்டு ஃபியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள்; அங்கேயும் இல்லையென்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987.