கனவை எழுதி வைக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் தூக்கத்தைப் பற்றி எழுதியபோது, கனவுகளை நாள்தோறும் எழுதி வைக்கும் பழக்கத்தை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களே இம்மாதம் அதிகம். ஆகவே பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

எனக்கு வயது 61. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் காலையில் காப்பி குடிக்கும்போதே இரவு கண்ட கனவைக் கதை போலச் சொல்கிறார். எனக்குக் கனவே வருவதில்லை. எழுதும் பழக்கம் வைத்துக்கொண்டால் கனவு வருமா?
வாசகி, நாகலூர், ஏற்காடு

அம்மா, உங்களுக்கும் கனவு வருகிறது. விழித்த பிறகு அது உங்களிடம் நிற்பதில்லை, அவ்வளவுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜீன் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், உறங்குகிறவரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் சில வேளைகளில் வேகமாக அசைவதைக் கண்டு 1953-இல் வெளியிட்டார்கள். அந்த வேளையில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் ஒரு கனவைச் சொல்கிறார்கள். 'எனக்குக் கனவே வராது' என்று உறுதியாகச் சொல்லிவிட்டுப் படுத்தவர்களிலும் பலர் சொல்கிறார்கள். இந்த விழியசைவுத் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை வருகிறது. முன்னிரவில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் அது, விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போய் அரை மணி நேரத்தைக்கூடத் தொடும்.

அப்படியானால் ஏன் மறக்கிறது? நினைவைப் பதிய வைப்பதில் பெரும் பங்குள்ள நார்அட்ரினலின் என்னும் பொருள், விழியசைவுத் தூக்கத்தின்போது மூளையில் மிகக் குறைந்துவிடுகிறது. கண்டது கண்டபடியே இருக்கிறது, ஆனால் ஈர மணலில் எழுதியது போல இருக்கிறது. விழித்த முதல் ஓரிரு நிமிடங்களில் அதை எடுத்துக்கொண்டால் உண்டு. அதற்குள் பால்காரர் மணி அடித்தாலோ, இன்றைக்கு என்ன சமையல் என்ற எண்ணம் வந்தாலோ போய்விடும்.

எனவே நோட்டுப் புத்தகம் கனவை வரவழைப்பதில்லை. அந்த ஓரிரு நிமிடங்களைக் காவல் காக்கிறது. படுக்கும்போதே நோட்டில் மறுநாள் தேதியை எழுதி, பென்சிலை உள்ளே வைத்து, தலையணைக்கு அருகில் வைத்துவிடுங்கள். காலையில் விழிப்புத் தட்டியதும் கண்ணைத் திறக்க வேண்டாம், புரளவும் வேண்டாம். எந்தப் பக்கம் சாய்ந்து விழித்தீர்களோ அந்தப் பக்கமே கிடந்து, 'இப்போது எங்கே இருந்தேன்' என்று மட்டும் உங்களையே கேளுங்கள். கடைசிக் காட்சிதான் முதலில் அகப்படும். அதைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன், அதற்கு முன் என்று பின்னோக்கிப் போக வேண்டும். உங்கள் ஊரில் மார்கழிக் குளிரில் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டவே மனம் வராது என்பது எனக்குத் தெரியும். இந்தக் காரியத்தில் அந்தச் சோம்பல் உங்களுக்குத் துணை; அசையாமல் கிடப்பதற்கு அதைவிட நல்ல சாக்கு இல்லை.

எதுவுமே அகப்படவில்லை என்றாலும் எழுதுங்கள். என்னுடைய முதல் நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. முதல் நான்கு நாட்களின் பக்கங்களில் 'ஒன்றும் இல்லை', 'ஒன்றும் இல்லை, ஏனோ சந்தோஷம்' என்றுதான் இருக்கிறது. ஐந்தாம் நாள் 'பச்சை வாளி' என்று இரண்டே சொற்கள். எழுதி முடித்து அதையே பார்த்துக்கொண்டு கிடந்தபோது, வாளிக்குள் கஞ்சி இருந்தது நினைவுக்கு வந்தது. கஞ்சி வந்ததும் தெரு வந்தது: நான் வளர்ந்த அம்மாப்பேட்டைத் தெருவில், வெயில் ஏறுமுன் நெசவுக்கான பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள், கனவில் அந்தப் பாவின் மறுமுனை தெரியாத அளவுக்கு நீண்டு போய்க்கொண்டிருந்தது, என் பாட்டி இழை அறுந்த இடத்தைத் தேடிக்கொண்டே நடந்தார். இத்தனையும் ஒரு வாளியைப் பிடித்து இழுத்ததில் வந்தவை. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம், எழுதாமல் விட்டிருந்தால் பாட்டியின் அந்த நடையும் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எழுதும்போது கதையாக்காதீர்கள். நீங்கள் ஆசிரியை என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். முன்பின் பொருந்தாத இடங்களை நம் கை தானாகவே பொருத்தி, வாக்கியத்தைத் திருத்தப் பார்க்கும். 'வீடு எங்கள் வீடுதான், ஆனால் பள்ளிக்கூடமாகவும் இருந்தது' என்றால் அப்படியே எழுதிவிட வேண்டும். இரண்டு வாரங்கள் தவறாமல் எழுதிப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். நான் கண்டவரையில் பெரும்பாலோருக்கு அதற்குள் ஏதோ ஒன்று நிற்கத் தொடங்கிவிடுகிறது.

கொண்டலாம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறேன். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குப் படுப்பேன். அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிவிட்டது. கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வருகிறது. அப்படி விழிக்கும் நாளில் மட்டும் கனவு நன்றாக நினைவிருக்கிறது. இது ஏன்?
வாசகர், கொண்டலாம்பட்டி

நீங்கள் கவனித்திருப்பது மிகச் சரியானது. கனவுக்கு நடுவில் அல்லது கனவு முடிந்த கையோடு விழிக்கிறவருக்கே அது கிடைக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் நடந்த ஆய்வில், கனவுகளை அடிக்கடி நினைவுகூர்பவர்கள் இரவில் விழித்திருக்கும் நேரம், அரிதாக நினைவுகூர்பவர்களுடையதைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. உங்கள் வீட்டில் அந்த விழிப்பை மின்வெட்டு கொடுக்கிறது.

ஆனால் இதைப் படித்துவிட்டு, கனவுக்காக அலாரம் வைத்துத் தூக்கத்தை நடுவில் வெட்ட வேண்டாம். விழியசைவுத் தூக்கம் உடலின் உள்கடிகாரத்தோடு பிணைந்தது. அது அதிகம் வரும் விடியற்காலை நேரத்தில் நீங்கள் தறி முன்னால் நின்றுகொண்டிருக்கிறீர்கள். பகல் தூக்கம் பெரும்பாலும் குறுகியதாகவும் அமைந்துவிடுகிறது. முதலில் சன்னலுக்குத் தடித்த துணியைக் கட்டி அறையை இருட்டாக்கி, கிடைக்கும் தூக்கத்தை முழுமையாகத் தூங்குங்கள். நோட்டைப் பக்கத்தில் வைத்திருங்கள். கரண்ட் போகும் நாளில் எழுதுங்கள், போகாத நாளில் தானாக எழும் நேரத்தில் எழுதுங்கள். சம்மட்டி, நாடா, பாபின் என்று தொழிற்சாமான்களே கனவில் வந்தால் 'வேலை ஞாபகம்தானே' என்று தள்ளிவிடாதீர்கள். வேலையில் கை செய்ததை உறக்கத்தில் மனம் திரும்பச் செய்து பார்ப்பது தொழிலாளர்கள் பலருக்கும் பொதுவானது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. நடுராத்திரியில் எழுந்து எழுதினேன். காலையில் என் எழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. செல்போனில் பதியலாமா?
வாசகர், செவ்வாய்ப்பேட்டை

இந்தத் துயரம் நோபல் பரிசு பெற்றவருக்கும் வந்திருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி, ஒரு சோதனையை எப்படிச் செய்வது என்பதைக் கனவில் கண்டு, பாதித் தூக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் குறித்துவிட்டுப் படுத்தார். காலையில் அந்தக் கிறுக்கலை அவரால் படிக்க முடியவில்லை. அவருடைய நல்வாய்ப்பு, மறுநாள் இரவு மூன்று மணியளவில் அதே எண்ணம் திரும்பி வந்தது. இந்த முறை அவர் எழுதவில்லை. எழுந்து நேராக ஆய்வுக்கூடத்துக்கே போய், தவளை இதயங்களை வைத்துச் சோதனையை முடித்தார். நரம்புகள் வேதிப்பொருள் வழியாகவும் செய்தி அனுப்புகின்றன என்பது அதில் தெரிய வந்தது. 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் கனவுகள் அப்படி இரண்டாம் முறை கதவைத் தட்டுவதில்லை.

அதற்கும் முன்னால், அமெரிக்க உளவியலாளர் மேரி கால்கின்ஸ் படுக்கையருகில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, அலாரம் வைத்து விழித்துத் தம் கனவுகளைக் குறித்தார். பென்சிலை எடுக்கக் கை நீட்டும் சிறு அசைவிலேயே கனவு கலைந்துவிடுவதாக அவர் 1893-இல் எழுதிய கட்டுரையில் சொல்கிறார். கை நீட்டுவதற்கு முன்பே, கனவை மனத்துக்குள் ஒரு முறை முழுதாகச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நடுராத்திரியில் வாக்கியம் எழுத வேண்டாம். மூன்று நான்கு சொற்கள் போதும், பெரிய எழுத்தில், வரிக்கு ஒன்றாக. காலையில் அவற்றை வைத்து விரித்து எழுதலாம். செல்போனில் குரலாகப் பதிவது நல்ல வழிதான். ஆனால் திரையைத் திறந்ததும் வந்து கிடக்கும் குறுஞ்செய்தி கண்ணில் பட்டால் கனவு அங்கேயே முடிந்தது. இரவில் இணைப்பை அணைத்துவிட்டு வையுங்கள்.

கனவில் பல் விழுந்தால் வீட்டில் சாவு என்கிறார் என் மாமியார். கெட்ட கனவை எழுதி வைத்தால் பலித்துவிடும், அதிலும் விடியற்காலைக் கனவு கட்டாயம் பலிக்கும் என்று என் நோட்டையே ஒளித்து வைத்துவிட்டார். என்ன செய்வது?
வாசகி, ஆத்தூர்

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் சொல்வதில் ஒரு நல்ல கவனிப்பு இருக்கிறது. முன்னிரவில் கண்ட கனவுகள் விடியுமுன்பே மறைந்துபோகின்றன. விழிக்கும் நேரத்துக்கு மிக அருகில் இருப்பதும் நீளமாக இருப்பதும் விடியற்காலைக் கனவுதான். நினைவில் நின்ற கனவை மட்டும்தானே பிறகு நடந்த சம்பவத்தோடு பொருத்திப் பார்க்க முடியும்? விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றியதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் கருத்து.

பல் விழும் கனவைப் பற்றி இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலையில் எழும்போது பல்லிலோ ஈறிலோ தாடையிலோ இறுக்கமும் வலியும் உள்ளவர்களிடம் அந்தக் கனவு கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே அந்தக் கனவு அடிக்கடி வந்தால், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். அதைத் தேதியோடு எழுதி வைத்திருந்தால்தான் எத்தனை முறை வந்தது என்று அவரிடம் சொல்ல முடியும்.

மாமியாரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். 1997 வரை நம் சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல்லின் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட கணிதமேதை ராமானுஜன், கனவில் ரத்தம் வழிந்தாற்போன்ற ஒரு சிவந்த திரையையும், அதில் ஒரு கை கணிதம் எழுதுவதையும் கண்டதாகவும், விழித்ததும் அவற்றைக் குறித்து வைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். விழித்ததும் எழுதுவதை நாமகிரித் தாயார் தடுக்கவில்லை. இதைக் கேட்டால் நோட்டு திரும்பக் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகு கனவு குறைந்துவிட்டது. சில நாள் நிறுத்திப் பார்க்கலாமா?
வாசகி, சேலம்

கூடவே கூடாது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவும் விழியசைவுத் தூக்கத்தைக் குறைக்கக்கூடியவை. திடீரென நிறுத்தினால் அது ஒரேயடியாகப் பெருகி, கடுமையான கனவுகள் வரலாம், நோயும் திரும்பலாம். கிடைப்பதை மட்டும் எழுதுங்கள். மாத்திரையைப் பற்றி எதுவானாலும் மருத்துவரிடம் பேசுங்கள்.

ஏற்காடு மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் கனவில் பிரேக் பிடிக்காமல் வண்டி இறங்குகிறது, வாரத்துக்கு இரண்டு முறையாவது. அதையும் எழுத வேண்டுமா?
வாசகர், அஸ்தம்பட்டி

எழுதுங்கள் ஐயா, ஆனால் படுக்கையில் அல்ல, பகலில். ஒரு தாளில் அந்தக் கனவைச் சுருக்கமாக எழுதி, அதன் போக்கை உங்கள் விருப்பப்படி மாற்றி மறுபடியும் எழுதுங்கள்: வண்டி கியரில் பிடித்து நிற்கிறது, பயணிகள் இறங்கி வளைவின் ஓரத்தில் டீ குடிக்கிறார்கள், கீழே சேலத்து விளக்குகள் தெரிகின்றன. மாற்றி எழுதிய கனவை நாள்தோறும் பத்து நிமிடமாவது கண்ணை மூடி மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். பழைய கனவைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டாம். கொடுமைகளுக்கு ஆளாகி நெடுங்காலம் கெட்ட கனவுகளால் அவதிப்பட்ட பெண்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்து, கனவுகள் குறைந்ததை அமெரிக்காவில் 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கனவு உண்மையில் நடந்த ஒரு விபத்தைப் பற்றியதானால், இதைத் தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவர் துணையோடு செய்ய வேண்டும். கட்டணமில்லா மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். இன்னொன்றை உங்கள் மனைவியிடம் கேளுங்கள்: கனவின்போது நீங்கள் படுக்கையில் காலை ஓங்கி உதைப்பதும் கத்துவதும் உண்டா? விழியசைவுத் தூக்கத்தில் தசைகள் தளர்ந்து அசைவற்றுக் கிடக்க வேண்டும். ஐம்பதைக் கடந்த ஆண் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுகிறார் என்றால் நரம்பியல் மருத்துவரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். போகும்போது உங்கள் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தேதியில், இரவு எத்தனை மணிக்கு என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.