கொரோனா காலத்தில் அலைச்சறுக்கு: கடலைவிட வேனைக் கவனியுங்கள்

களியக்காவிளையிலிருந்து நண்பர்களுடன் வேனில் கேரளக் கடற்கரை ஊரான வர்க்கலா சென்று அலைச்சறுக்கில் (சர்ஃபிங்) ஈடுபடலாமா, கடல்நீரில் கொரோனா தொற்றுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்நோய் முதன்மையாக மூச்சுக்காற்றின் வழியே பரவுவது. காற்று ஓயாமல் வீசும் திறந்த கடலில், பலகைக்குப் பலகை இரண்டு மூன்று ஆள் தூரம் விட்டு மிதப்பவர்களிடையே அது தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. (ஆடி மாதக் கடலென்றால், தொற்றுக்காக அல்ல, கொந்தளிப்புக்காக வேண்டாம் என்பேன்.) எனக்குக் கவலையளிப்பது உங்கள் வேன்தான்: கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசிச் சிரித்தபடி செல்வதைத் தவிர்த்து, சன்னல்களைத் திறந்து, முகக்கவசம் அணிந்து, முடிந்தால் இரண்டு வண்டிகளாகப் பிரிந்து செல்லுங்கள். உங்கள் தம்பிக்குச் சென்ற வாரம்தான் கொரோனா காய்ச்சல் விட்டது என்கிறீர்கள். இந்நோய் சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை ஏற்படுத்துவதுண்டு என்பதால், மருத்துவர் பரிசோதித்துச் சரி என்று சொல்லும்வரை அவர் பலகையில் ஏற வேண்டாம்.