முதலையின் சிரிப்பு

கேள்வி: சோவியத் யூனியனில் அரசியல் கேலிச்சித்திரங்கள் மக்கள் கருத்தை உண்மையிலேயே மாற்றினவா? அல்லது அரசு சொன்னதை வரைந்ததோடு சரியா?

பதில்: இரண்டும்தான். 1922-இல் தொடங்கிய 'குரோக்கடில்' (முதலை என்று பொருள்) இதழைப் புரட்டினால் லஞ்சம் வாங்கும் அதிகாரி, குடிகார மேலாளர், திறந்த மறுநாளே கதவு கழன்று விழும் புதுக் குடியிருப்பு எல்லாம் இருக்கும். வாசகர்களின் புகார்க் கடிதங்களை வைத்தே பல கிண்டல்கள் வந்தன. நடவடிக்கை எடுத்தால் அதையும் அச்சிட்டார்கள். ஆக, கீழ்மட்ட அதிகாரிகள் இந்த முதலைக்குப் பயந்தார்கள். கட்சித் தலைமையை மட்டும் அது கடிக்கவே கடிக்காது.

வெளிநாட்டு எதிரி என்றால் கட்டுப்பாடே இல்லை. குக்ரினிக்சி என்ற பெயரில் மூவர் சேர்ந்து வரைந்த ஹிட்லர் சித்திரங்கள் போர்க்காலத்தில் சுவரொட்டிகளாகத் தெருவெங்கும் ஒட்டப்பட்டன. அவற்றுக்கு மக்களிடம் இருந்த செல்வாக்கு நிஜமானது என்றே நினைக்கிறேன். அந்தக் கோபம் மக்களிடம் ஏற்கெனவே இருந்ததே!

என்னை அதிகம் உறுத்துபவர் கேலிச்சித்திரக்காரர் போரிஸ் எஃபிமோவ். 1947-இல் அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவரைக் கிண்டல் செய்யும் படத்தை ஸ்டாலினே இவரிடம் கேட்டு வாங்கி, வாசகத்தையும் திருத்தினார். இத்தனைக்கும் எஃபிமோவின் அண்ணன் மிகயீல் கோல்த்சோவ் ஸ்டாலின் ஆட்சியிலேயே 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். அதே 'குரோக்கடில்' ஆசிரியராக இருந்தவர். தம்பி தொடர்ந்து வரைந்தார். 2008-இல் இறக்கும்போது அவருக்கு வயது 108.

அப்புறம், தலைவர்களைப் பற்றிய கிண்டல்? அது அச்சில் வரவில்லை. சமையலறையில் தணிந்த குரலில் சொன்ன நகைச்சுவைத் துணுக்குகளாக உலவியது.