மின் சமிக்ஞையைப் பெருக்கும் சின்னச் சாதனமான டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடம் ஏன் அதை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதிக்கவில்லை?

அந்த அவசரம் அவர்களுக்கு இல்லை என்பது பாதிப் பதில். தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி, அமெரிக்கத் தொலைபேசித் துறையில் ஏறக்குறைய ஏகபோகம். கட்டணத்தை அரசு ஒழுங்குபடுத்தியது. ஆராய்ச்சிச் செலவும் அதற்குள் அடக்கம். அதாவது, போன் பில் கட்டியவர்கள்தான் விஞ்ஞானிகளுக்கும் படியளந்தார்கள்.

1947 டிசம்பரில் பெல் லேப்ஸ் விஞ்ஞானி பிராட்டைன், முக்கோண பிளாஸ்டிக் துண்டின் விளிம்பில் தங்கத் தகட்டை ஒட்டி, நுனியில் பிளேடால் மெல்லிசாகக் கீறி, ஜெர்மேனியம் என்ற குறைக்கடத்தித் துண்டின் மேல் ஸ்பிரிங்கால் அழுத்தினார். முதல் டிரான்சிஸ்டர் அவ்வளவுதான். படத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடக் கண்காட்சிச் சாமான் மாதிரி இருக்கும்.

அப்புறம் 25,000 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு, கேட்ட கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தார்கள். டோக்கியோவில் ஒரு சின்னக் கம்பெனியும் வாங்கி, 1955இல் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்றது. பின்னாளில் அதன் பெயர் சோனி. காது கேட்கும் கருவிக்கு மட்டும் ராயல்டி கிடையாது. காது கேளாதோருக்காக உழைத்த கிரகாம் பெல் நினைவாக.

சரி, எல்லாம் தாராள மனசா? இல்லை. 1949இல் அரசு தொடுத்த ஏகபோக வழக்கு தலைக்கு மேல் தொங்கியது. 1956 சமரசத்தில் பழைய காப்புரிமைகளை ராயல்டி இல்லாமல் திறந்துவிட வேண்டியதாயிற்று. செலவழித்தவருக்குக் கிடைப்பதைவிட ஊருக்குக் கிடைப்பது அதிகம் என்றால், பொருளாதாரத்தில் அதைக் கசிவுப் பலன் என்பார்கள். இங்கே கசிவு இல்லை, மடையையே திறந்துவிட்டார்கள். 1984இல் ஏகபோகம் உடைந்ததும், செலவைப் போன் பில்லில் ஏற்றுகிற வசதியும் சுருங்கிப்போனது.